வடிகட்டியைக் கழுவுவது யார்?

பல்லடத்தைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்மண் காடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் அங்கே டர்ட் பைக் ஓட்டுவோம். அதில் பெண்கள் இரண்டு பேர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று என் வண்டி அங்கே நீலப் புகை கக்கி நின்றது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போனது. அப்படிப் போனால் எஞ்சினுக்குள் அமுக்கம் இல்லை, பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று இன்று சொல்வேன். அன்று எனக்கு அது தெரியாது.

இந்த வண்டிகளுக்குப் பதிவு எண் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. தம்பி ஒரு குட்டி யானையைப் பிடித்து வந்தான். ஏற்றிக்கொண்டு, நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்புக்கே போனோம். எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். உரிமையாளர் அதை விரலால் தடவிக் காட்டினார், என் தம்பிக்கு. "லேடீஸ் ஓட்டுனா இப்படித்தானுங் தம்பி. கியர் மாத்தத் தெரியாம ஆக்ஸிலேட்டர முறுக்கிட்டே இருப்பாங்க." என் தம்பிக்கு ஸ்கூட்டர் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. வண்டி என்னுடையது. பில் என் பெயரில். சிலிண்டருக்குப் போர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. ஆனால் விளக்கம் தம்பிக்கு.

வெளியே வந்தபோது, அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் தண்ணீர் பிடிக்கப் போகிறவன் போல என் பக்கத்தில் வந்தான். "அக்கா, ஃபில்டருக்கு இங்க எண்ணெயே போடறதில்லீங்க. ஏர் அடிச்சு அப்படியே மாட்டிருவாங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அவன் சொன்னதன் அர்த்தம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய வேண்டுமென்றால் எடைக்கு எடை ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால் சுமார் 9,000 லிட்டர். நாம் பெட்ரோல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வண்டி குடிப்பது பெரும்பாலும் காற்றைத்தான். செம்மண் காட்டில் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் கிளப்பும் புழுதிக்குள் ஓட்டும்போது அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணில் இருக்கும் சிலிகா சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போல உரசும்.

இதைத் தடுப்பது ஒரு பஞ்சு. ஆம், வெறும் பஞ்சுதான். ரோட்டில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் காகித ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவ முடியாது, கெடு முடிந்தால் மாற்ற வேண்டியதுதான். டர்ட் பைக்கில் நுரைப்பஞ்சு. அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. அந்தத் துளைகள் வழியாகப் புழுதி தாராளமாகப் போகும். புழுதியைப் பிடித்து வைப்பது பஞ்சில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத பஞ்சு கொசுவலையைக் கட்டி மாவு சலிப்பதற்குச் சமம். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். குங்குமத்தைத் தொட்டது போலச் சிவப்பாக வந்தது. அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டவில்லை. காட்டியிருந்தால் தம்பியைக் கூட்டி வரச் சொல்லியிருப்பார்கள்.

நான் கோபப்படுவது மெக்கானிக்குகள் மேல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கையெல்லாம் கரியாக, திட்டும் அடியும் வாங்கிக்கொண்டு தொழில் பழகியவர்கள் அவர்களில் பாதிப் பேர். கை கருத்தவனைக் கண்டால் நம் ஊர் எங்கே உட்கார வைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு உண்மையைச் சொன்னவனும் அந்தக் கூட்டத்தில் கடைசியில் நிற்கும் பையன்தான். அவனுக்கும் அங்கே வாய் திறக்க அனுமதி இல்லை. என் சண்டை வேறொன்றோடு. "இது உனக்குப் புரியாது" என்று சொல்லாமலே சொல்லும் அந்தப் பார்வையோடு. தெரிந்தவரிடமிருந்து அந்தப் பார்வை வந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பார்த்தவருக்கும் தெரியவில்லை. ஆணாக இருந்ததால் அவருடைய தெரியாமைக்கு அனுபவம் என்று பெயர். பெண்ணாக இருந்ததால் அவருடைய தவறுக்கு என் ஓட்டும் முறை காரணம்.

அதற்குப் பிறகு ஃபில்டரை நானே கழுவுவது என்று முடிவு செய்தேன். கையேட்டைப் படித்தேன், ஆங்கில வீடியோக்கள் பார்த்தேன். அந்த வீடியோக்களில் அலுக்காமல் வரும் ஒரு நகைச்சுவை உண்டு: மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சமையலறைத் தொட்டியில் கழுவிவிடுங்கள். பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பெண்ணாக இருக்கலாம் என்ற நினைப்பே பேசுகிறவருக்கு வருவதில்லை. தொட்டி மட்டும் பெண்ணுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

முதல் முறை செய்தபோது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஒற்றைப் போல்ட்டைத் திருகிப் பஞ்சை வெளியே எடுத்தேன். திறந்து கிடக்கும் குழாய் வாயில் சுத்தமான துணியைத் திணித்தேன். வேலை முடியும்வரை ஒரு மண்துகள்கூட உள்ளே விழக் கூடாது. பஞ்சைக் கூண்டிலிருந்து உருவிப் பக்கெட்டில் போட்டேன். பழைய எண்ணெயைக் கரைக்கப் பெட்ரோல் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். தீ ஆபத்து ஒரு பக்கம், பஞ்சை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போவது இன்னொரு பக்கம், கைத்தோலும் போகும். இதற்கென்றே விற்கும் கிளீனர் நல்லது. அது இல்லையென்றால் மண்ணெண்ணெய், அதுவும் திறந்தவெளியில், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இல்லாமல், கையுறை போட்டுக்கொண்டு.

கரைந்தது. அடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டு, துணி பிழிகிற பழக்கத்தில் நான் முறுக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"முறுக்காத கண்ணு. பட்டுச்சேலையா நெனச்சுக்க. அமுத்தி எடு. முறுக்குனா தையல் விட்டுரும்."

கையேட்டிலும் அதேதான் எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தேன், மறந்துவிட்டேன். அம்மா படிக்கவில்லை. அழுக்கு எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போனதோ அந்தப் பக்கமாகவே வெளியே வர வேண்டும், அதனால் தண்ணீரை உள்ளிருந்து வெளியே விட வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். தலையணை உறையை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுத் துவைத்த கை அது. வெயிலில் போடாமல் நிழலில் காயப்போட வேண்டும் என்பதை நான் கேட்கவே இல்லை. கொடியின் நிழல் விழும் ஓரத்தில் அவரே தொங்கவிட்டார். முழுதாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காது.

எண்ணெய் போடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நிறையப் பேர் கோட்டை விடுவதும் அங்கேதான். ஃபில்டர் ஆயில் என்று தனியாக விற்கிறது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் அது வடிந்து அடியில் தேங்கிவிடும், மேல் பாதி வறண்டு கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பஞ்சைப் போட்டு, எண்ணெயை ஊற்றி, பையோடு சேர்த்துப் பிசைய வேண்டும். சாயம் ஏறுவது போல எல்லா இடமும் ஒரே நிறமாக வரும்வரை. திட்டுத்திட்டாக இருந்தால் வெளுத்த இடம் வழியாக மண் போகும். மிஞ்சிய எண்ணெயை அமுக்கி எடுத்துவிட வேண்டும். அதிகமானால் காற்று திணறும், பெட்ரோல் கூடும், பிளக் கரி பிடிக்கும். அம்மா பையை என்னிடமிருந்து வாங்கிப் பிசைந்தார். அப்பளத்துக்கு மாவு பிசைகிறவர்களுக்கு எவ்வளவு எண்ணெய் போதும் என்று அளந்து சொல்லத் தேவையில்லை. கடைசியாக, பஞ்சு உட்காரும் விளிம்பு முழுக்க கிரீஸ் தடவி, கோணாமல் உட்கார வைத்துப் போல்ட்டை முடுக்கினேன். அந்த விளிம்பு ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றாலும் மேலே செய்த அத்தனையும் வீண்.

இப்போது நான் கேட்க வருவது இதுதான். ஊறவைப்பது, கசக்குவது, அலசுவது, பிழிவது, நிழலில் உலர்த்துவது, எண்ணெய் பிசைவது. இந்த ஆறு வேலைகளில் நம் வீடுகளில் பெண்களுக்குத் தெரியாத வேலை எது? புடவைக்கும் போர்வைக்கும் செய்தால் அது கடமை. சம்பளம் கிடையாது, அதை வேலை என்றே எண்ணுவதில்லை. அதே கை அசைவு வண்டியின் பஞ்சுக்கு நடந்தால் 'சர்வீஸ்', 'டெக்னிக்கல் வேலை', லேபர் சார்ஜ் தனி. பொருள் மாறியதால் மதிப்பு மாறிவிட்டதா? இல்லை, செய்கிற ஆள் மாறியதால் மாறியது. நுட்பம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் மீசை முளைத்து வெகுகாலம் ஆகிறது.

என் அம்மா பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் பதினோரு வருடம் காயில் சுற்றினார். கோவை மோட்டார்களின் பேர் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் தாமிரக் கம்பியைச் சுற்றிய விரல்களில் எத்தனை பெண்களுடையவை என்று மோட்டாரின் மேல் எழுதுவதில்லை. எத்தனை சுற்று, எந்தக் கனம், எங்கே இன்சுலேஷன் தாள் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் காயில் புகைந்தபோது அப்பா டவுனிலிருந்து ஆள் கூட்டி வந்தார். அந்த ஆள் வேலை செய்யும்போது அம்மா டீ போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தார். கம்பியைக் கொஞ்சம் இழுத்துச் சுற்றச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதாம். சொல்லவில்லை. இதை அம்மா என்னிடம் சொன்னது, அந்தப் பஞ்சைப் பிசைந்துகொண்டிருந்த அன்றுதான். இருபது வருடம் கழித்து.

இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வண்டிகளையும் அவற்றின் பாகங்களையும் பூட்டும் வரிசைகளில் இளம்பெண்கள் நிற்கிறார்கள். விரல் மெலிது, பொறுமை அதிகம், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். ஒரே நட்டை நாள் முழுக்க முடுக்கப் பெண் வேண்டும். அந்த வண்டி பழுதானால் எங்கே கோளாறு என்று சொல்லப் பெண் வேண்டாம். உழைப்பு நம்முடையதாக இருக்கலாம், தீர்ப்பு நம்முடையதாக இருக்கக் கூடாது.

தீர்ப்புச் சொன்ன ஒருத்திக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பீட்ரிஸ் ஷில்லிங், 1909இல் பிறந்த ஆங்கிலேயப் பொறியாளர். பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். 1934இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகத்தில் நார்ட்டன் வண்டியில் சுற்றித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சினுக்கு ஒரு சிக்கல்: மூக்கைத் திடீரெனக் கீழே சாய்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தாறுமாறாகி எஞ்சின் அடைத்துக்கொள்ளும். துரத்தி வரும் ஜெர்மன் விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஷில்லிங் செய்தது, நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. பெட்ரோல் பாய்ச்சலை அளவோடு நிறுத்துவது. விமானத்தைப் படையிலிருந்து விலக்காமலே மாட்டிவிடலாம். 1941இன் தொடக்கத்தில் சிறு குழுவோடு தளம் தளமாகப் போய் அவற்றைப் பொருத்தினார். பல விமானிகளின் உயிர் அந்தத் துளையில் தொங்கியது.

அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துளை'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும், ஆண்கள் நிறைந்த விமானத் தளத்தில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் அவர் மிஸ் கூட இல்லை, 1938லேயே திருமணமானவர். எஞ்சினைக் காப்பாற்றிய பெண்ணையும் உடலாக மாற்றினால்தான் அவர்களுக்கு நிம்மதி.

நம் ஊர் இன்னும் நாகரிகமாக அதைச் செய்யும். மார்ச் 8 வந்தால் பெண்கள் பைக் ஊர்வலம். ரோஜா நிற டி-ஷர்ட், கொடியசைக்க ஒரு சிறப்பு விருந்தினர், மறுநாள் பேப்பரில் படம். நானும் ஒரு முறை போயிருக்கிறேன். முந்தின நாள் எங்கள் வண்டிகளை எல்லாம் 'செக்' செய்து கொடுத்தவர்கள் ஆண்கள்; பாதி வழியில் ஒரு வண்டி நின்றபோது எங்கள் இருபது பேரில் ஒருவர்கூட இறங்கி சீட்டைக் கழற்றவில்லை, ஓரமாக நின்று செல்ஃபி எடுத்தோம். நானும் எடுத்தேன். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் எஃப்ஐஎம் பஜாஸ் உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றபோது நாம் கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். ஆனால் ஓட்டுவதைக் கொண்டாடுகிற அதே வாய், பழுதுபார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் "அதுக்குத்தான் ஆளுங்க இருக்காங்களே" என்கிறது. இறக்கை கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யும் ஊசியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற பெருந்தன்மை அது.

என் தோழி ஒருத்தி, பெண்கள் அமைப்பில் நெடுங்காலம் வேலை செய்பவள், இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "ஏண்டி, வீட்ல இருக்கற அழுக்கெல்லாம் நாமதான் கழுவறோம். இப்ப வண்டி அழுக்கையும் நம்ம தலைல கட்டறியா? இதுக்குப் பேரு விடுதலையா?" நல்ல கேள்வி. இரண்டு நாள் பதில் தெரியவில்லை. எல்லாப் பெண்களும் ஃபில்டர் கழுவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள், தப்பே இல்லை. ஆனால் கழுவியவர் எண்ணெய் போட்டாரா என்று சீட்டைக் கழற்றி, விரல் வைத்துப் பார்க்கத் தெரிந்தபின் காசு கொடுங்கள். பிசுபிசுப்பு விரலில் ஒட்டவில்லையா, திருப்பி அனுப்புங்கள். வீட்டு வேலையைப் பகிரச் சொல்லி நாம் நாற்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டையின் இன்னொரு முனை, அவர்கள் பூட்டி வைத்திருக்கும் டூல் பாக்ஸ். அவன் பாத்திரத்தை எடுக்கட்டும், நாம் ஸ்பேனரை எடுப்போம். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோழி இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போன மாதம் அவள் ஸ்கூட்டரின் காகித ஃபில்டரைத் தானே திறந்து பார்த்து, வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட மாற்றப்படவில்லை என்று கண்டுபிடித்தாள். மூன்று சர்வீஸ் பில்லில் 'ஃபில்டர் மாற்றியது' என்று இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது அந்த ஒர்க்‌ஷாப்பில் இல்லை. சூலூர்ப் பக்கம் தனியாகக் கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். பெரிய வேலை வந்தால் அவனிடம்தான் விடுகிறேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பிரிப்பான். நான் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசுவான், நானும் மறுப்பேன்.

ஃபில்டரை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. புழுதி அதிகமான நாளென்றால் ஒரே நாள் ஓட்டத்துக்குப் பிறகு, இல்லையென்றால் இரண்டு மூன்று ஞாயிறுக்கு ஒரு முறை. கழுவியதை ஒன்று தயாராகப் பைக்குள் வைத்திருப்பேன், ஒன்று வண்டியில். போன வாரம் கழுவி முடித்துக் கொடியில் போட்டிருந்தேன், என் ஜாக்கெட்டுக்கும் அப்பாவின் துண்டுக்கும் நடுவில். மாலையில் தூறல் விழவே அம்மா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பஞ்சை மட்டும் தனியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டுப்போட்ட இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்லப் பிரித்துப் பார்த்தார்.

"இது இத்தோட சரி கண்ணு. ஒட்டு விடுது பாரு. தேச்சா பொடிப்பொடியா வேற வருது. இத மாட்டாத, புதுசு வாங்கிக்க."

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு முதலில் தெரியவில்லை. விரலை அழுத்தி நகர்த்தியபோது, நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல்.